பழைய நிலக்கரிக் கணப்படுப்புக்குப் புதுப் பேரல் போடும் முறை

நின்ற வாக்கில் எரியும் பழைய நிலக்கரிக் கணப்படுப்புகளில் பீடம், கதவுகள், மேல்வளையம், தலைமூடி எல்லாம் வார்ப்பிரும்பில் இருக்கும். பீடத்துக்கும் மேல்வளையத்துக்கும் நடுவே நிற்கும் உருளை மட்டும் தகடு. அதைத்தான் பேரல் என்கிறோம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டொவாஜியாக் என்ற சிற்றூரிலிருந்து 1870களில் புறப்பட்ட ரவுண்ட் ஓக் அடுப்புகளும், அவற்றைப் பார்த்துப் பலர் வார்த்த 'ஓக்' வகை அடுப்புகளும் இந்த அமைப்புதான். வார்ப்பிரும்பு நூறாண்டு தாண்டியும் நிற்கிறது. தகடு அப்படி நிற்பதில்லை. நிலக்கரிச் சாம்பலில் கந்தகம் உண்டு. எரியாத மாதங்களில் காற்றின் ஈரத்தோடு அது சேர்ந்தால் அமிலமாகித் தகட்டை உள்ளிருந்தே தின்னும். வெளியே பளபளப்பாகத் தெரிகிற பேரல், உள்ளே காகிதம்போல் மெலிந்திருக்கலாம்.

பேரல் மாற்றுவது தகடு வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இது காற்றை அடைக்கும் வேலை. நிலக்கரித் தீயைக் கட்டுப்படுத்துவது கிரேட்டுக்கு, அதாவது நிலக்கரி எரியும் வார்ப்புக் கம்பித்தட்டுக்கு, அடியில் இருக்கும் காற்றுவழி ஒன்றே. பேரலின் அடிமூட்டில் இடுக்கு இருந்தால் அங்கேயும் காற்று நுழையும்; காற்றுவழியை மூடினாலும் தீ அடங்காது. மேல்மூட்டில் இடுக்கு இருந்தால் அறையின் குளிர்ந்த காற்று புகையோடு கலந்து, புகைப்போக்கியின் இழுவையைக் குறைக்கும். இழுவை குறைந்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. அதனால் வளைவு அழகாக வந்திருக்கிறதா என்பதைவிட பேரலின் இரண்டு முனைகளும் பீடத்திலும் மேல்வளையத்திலும் உள்ள பள்ளத்தில் ஒழுங்காக உட்காருகின்றனவா என்பதையே வேலை முழுக்கக் கவனத்தில் வையுங்கள்.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா?

சாம்பலை முழுக்க அள்ளி, இருட்டில் உள்ளே ஒரு கைவிளக்கை ஏற்றிப் பாருங்கள். ஊசி முனையளவு வெளிச்சம் தெரிந்தாலும் ஓட்டைதான். பிறகு ஸ்க்ரூடிரைவர் முனையால் உள்பக்கம் முழுக்க அழுத்திப் பாருங்கள். சாம்பல் தேங்கும் அடிப்பகுதியும், புகைக்குழாய் சேரும் கழுத்தைச் சுற்றிய இடமும் முதலில் போகும். முனை உள்ளே அமுங்கினால் அந்தத் தகடு முடிந்தது. ஓட்டைக்கு ஒட்டுத்தகடு போடலாமே என்று தோன்றும். ஓர் இடம் ஓட்டையானால் அதைச் சுற்றியுள்ள தகடும் மெலிந்திருக்கும்; ரிவிட் அடிக்கப் பலமான விளிம்பே கிடைக்காது. ஒட்டுப் போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

பேரலுக்குச் செலவு செய்யும் முன் வார்ப்பிரும்புப் பாகங்களைப் பார்த்துவிடுங்கள். பீடத்தில் விரிசல், மேல்வளையத்தில் உடைப்பு, தீக்கலம் (உள்ளே நிலக்கரியைத் தாங்கும் வார்ப்புக் கலம்) இரண்டாகப் பிளந்திருப்பது போன்றவை இருந்தால் அவற்றுக்கு வழி தேடிய பிறகே தகட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். தகட்டை எந்தப் பட்டறையிலும் வளைத்துவிடலாம். உடைந்த வார்ப்புக்கு மாற்று கிடைப்பது அப்படியல்ல.

பிரிப்பதற்கு முன்

நான்கு பக்கமும், மேலிருந்தும், கதவுகளைத் திறந்து உள்ளேயும் படம் எடுங்கள். ஒவ்வொரு போல்ட்டும் எந்தத் துளையில் இருந்தது என்பதுகூட படத்தில் தெரிய வேண்டும். பீடம், பேரல், மேல்வளையம் மூன்றின் மேலும் ஒரே நேர்கோட்டில், முன்கதவின் நடுவை ஒட்டி, சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் எடுக்கப்போகும் அளவுகள் எல்லாம் இந்த முன்நடுக்கோட்டிலிருந்துதான் கணக்கு.

இன்னொன்றைச் சொல்லாமல் நகர முடியாது. பழைய அடுப்புகளில் கதவைச் சுற்றிய கயிறு, மூட்டுகளில் பூசிய வெள்ளை அல்லது சாம்பல்நிறப் பூச்சு, உள்ளே ஒட்டிய அட்டை ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. பார்வையால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிப்பதே வழி. முடிவு வரும்வரை அதைச் சுரண்டவோ, உலர்ந்த நிலையில் தேய்க்கவோ, கிரைண்டர் வைக்கவோ கூடாது. இருப்பது உறுதியானால் உங்கள் ஊர் விதிப்படி அதை அகற்ற உரிமம் பெற்றவர்களிடம் விடுங்கள். துணி மாஸ்க் இதற்குக் காவல் ஆகாது.

பிரித்தல்

மேலிருந்து கீழே வாருங்கள். தலை அலங்காரம், தலைமூடி, நிக்கல் பூசிய வளையங்கள், மைக்கா சன்னல் கதவுகள், பிறகு உள்ளிருக்கும் தீக்கற்கள் அல்லது தீக்கலம். கனமானவற்றை முதலில் எடுத்துவிட்டால் மிச்சத்தைச் சாய்க்கவும் நகர்த்தவும் எளிது. மைக்கா ஏடு ஏடாகப் பிரியும். அதைத் தனியாகக் காகிதத்தில் சுற்றி வையுங்கள். பெரும்பாலான அடுப்புகளில் மேல்வளையத்தையும் பீடத்தையும் இணைத்து நீளமான இழுகம்பிகள் ஓடும். சிலவற்றில் அவை உள்ளே, சிலவற்றில் வெளியே. கடைசிக் கம்பியைக் கழற்றும்போது மேல்வளையத்தைப் பிடிக்க இன்னோர் ஆள் வேண்டும். வளையம் தரையில் விழுந்தால் உடையும். காலில் விழுந்தாலும் உடையும், வளையம் அல்ல.

துருப்பிடித்த போல்ட்டுகள்தான் பொறுமையைச் சோதிக்கும். துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள், மறுபடி விடுங்கள். நகரவில்லை என்றால் எண்ணெயைத் துடைத்துவிட்டு நட்டை மட்டும் டார்ச்சால் சூடாக்குங்கள். நட் விரிந்து துருவின் பிடி தளரும். அப்போதும் முரண்டு பிடித்தால் நட்டை வெட்டி எறியுங்கள், அல்லது போல்ட்டின் தலையை நடுவில் குத்திட்டு டிரில் செய்து எடுங்கள். போல்ட் புதிதாகக் கிடைக்கும். எந்த நிலையிலும் வார்ப்பிரும்பைச் சுத்தியலால் அடிக்காதீர்கள், நெம்புகோலாகவும் பயன்படுத்தாதீர்கள். அது வளையாது, நேராகப் பிளக்கும்.

பழைய பேரலே வரைபடம்

புதிதாக இறங்குபவர்கள் பழைய பேரலைக் குப்பைக்கு அனுப்பிவிட்டுத்தான் அளவு தேடுகிறார்கள். அடுப்பு புதுப் பேரலோடு நன்றாக எரிகிறது என்று உறுதியாகும்வரை பழையது உங்களோடு இருக்கட்டும்.

பேரலை நசுங்காமல் நிறுத்தி உயரத்தை நான்கு இடங்களில் அளவிடுங்கள். அடி அரித்துப்போயிருந்தால் உயரம் குறைவாகக் காட்டும்; பள்ளத்துக்குள் இருந்த பகுதியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சுற்றளவை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் நாடாவால் எடுங்கள். மூன்றும் ஒன்றாக இல்லையென்றால் பேரல் கூம்பு வடிவமா, அல்லது காலப்போக்கில் வீங்கியதா என்று பார்க்க வேண்டும். பழைய பேரல் நீள்வட்டமாகச் சப்பியிருப்பது சகஜம். ஆகவே விட்டத்தை நேராக அளக்காமல், சுற்றளவை 3.1416ஆல் வகுத்து எடுப்பதே நம்பகமானது. வார்ப்பு வளையங்களில் உள்ள பள்ளத்தின் உள்விட்டத்தையும் வெளிவிட்டத்தையும் அளந்து அதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் முரண்பட்டால் பள்ளத்தை நம்புங்கள். புதுப் பேரல் உட்காரப்போவது அங்கேதான்.

தகட்டின் தடிமனை மேல்பகுதியில், துருவைச் சுரண்டிய இடத்தில் வெர்னியரால் பாருங்கள். அடியில் அளந்தால் மிச்சத்தைத்தான் அளக்கிறீர்கள்.

அடுத்து, பெரிய காகிதத்தைப் பேரலின் வெளியே இறுக்கமாகச் சுற்றி ஒட்டி, எல்லாத் துளைகளின் விளிம்பையும் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து எடுங்கள். கதவுச் சட்டம், ரிவிட் துளைகள், புகைக்கழுத்து, இழுகம்பித் தாங்கிகள் எல்லாம் பதிய வேண்டும். காகிதத்தில் 'மேல்', 'வெளிப்பக்கம்', 'முன்நடு', 'பின்நடு' என எழுதுங்கள். இதை எழுதாமல் விட்டவர் கதவை இடவலம் மாற்றி வெட்டிவிடுவார்.

இதில் ஒரு சின்னக் கணக்குப் பொறி இருக்கிறது. வெளியே சுற்றிய காகிதத்தின் நீளமும், தட்டையாகக் கிடக்கும் தகட்டின் நீளமும் ஒன்றல்ல. தகடு வளையும்போது வெளிமுகம் நீளும், உள்முகம் சுருங்கும். நடுத்தடிமன் மட்டும் மாறாது. உள்விட்டம் 400 மி.மீ., தகடு 1.5 மி.மீ. என்று வையுங்கள். தட்டைத் தகட்டுக்கு வேண்டிய நீளம் 401.5 × 3.1416, அதாவது சுமார் 1261 மி.மீ. வெளியே சுற்றிய காகிதமோ 1266 மி.மீ. காட்டும். கதவுச் சட்டத்துக்குள் இந்த வேறுபாடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, விட்டுவிடலாம். ஆனால் முன்நடுவிலிருந்து காகித அளவை வைத்தே பின்னால் இருக்கும் புகைக்கழுத்தைக் குறித்தால் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். எனவே தகட்டில் முன்நடு, பின்நடு இரண்டையும் கணக்கிட்ட நீளத்திலிருந்து தனித்தனியே குறித்து, காகிதத்தை இரண்டாக வெட்டி, முன்பாதியை முன்நடுவுக்கும் பின்பாதியை பின்நடுவுக்கும் பொருத்துங்கள். மேற்படிவுக்கு, அதாவது மூட்டில் ஒரு விளிம்பு மற்றதன் மேல் படியும் பகுதிக்கு, 25 மி.மீ. சேர்த்தால் மொத்த நீளம் 1286.

எந்தத் தகடு?

சாதாரண மைல்ட் ஸ்டீல், குளிர்முறையில் உருட்டியது. 1.2 மி.மீ. முதல் 2 மி.மீ. வரை வழக்கம். நிலக்கரிக்கு நான் 1.5 மி.மீட்டருக்குக் கீழே போகமாட்டேன். 2 மி.மீ. நீண்ட காலம் வரும், ஆனால் பழைய பள்ளத்தில் நுழையுமா என்று பார்க்க வேண்டும். வளைக்கவும் கனமான ரோலிங் மெஷின் வேண்டும்.

ஜி.ஐ. தகடு கூடவே கூடாது. அதன் மேலுள்ள துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸிலேயே உருகும், கடுஞ்சூட்டில் புகையும். அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது என்று ஆசை காட்டும். ஆனால் வழக்கமான 304 வகை, சூட்டில் மைல்ட் ஸ்டீலைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியும். பள்ளத்தில் இறுக்கிப் பொருத்தினால் நெளியும். பழைய அடுப்பின் முகமும் மாறிப்போகும்.

வெட்டுதல், வளைத்தல்

தகட்டைச் செவ்வகமாக வெட்டியதும் இரு மூலைவிட்டங்களையும் அளவிடுங்கள். வேறுபாடு ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் திருத்துங்கள். கோணம் தப்பிய தகடு வளைந்ததும் திருகியபடி நிற்கும். அடி பள்ளத்தில் சமமாக உட்காராது. பிறகு எத்தனை அடுப்பு சிமெண்ட் (மூட்டுகளை அடைக்கும், சூடு தாங்கும் பசை) பூசினாலும் அந்த இடுக்கு போகாது.

மேற்படிவின் ஒரு விளிம்பில் ரிவிட் துளைகளைத் தட்டையாக இருக்கும்போதே போடலாம். பெரிய துளைகளை, அதாவது கதவையும் புகைக்கழுத்தையும், கோடாக மட்டும் கீறி விடுங்கள். வளைத்த பிறகே வெட்டுங்கள். முன்பே வெட்டினால் துளை இருக்கும் இடத்தில் தகட்டின் பலம் குறைந்து, உருளைகளுக்கு நடுவே அங்கே மட்டும் மடியும். வட்டத்தில் ஒரு முறிவு விழும், அதை எடுக்கவே முடியாது.

ரோலிங் மெஷின் வீட்டில் இருக்காது. தகடு வேலை செய்யும் பட்டறையில் கொடுத்து வளைப்பதே சிக்கனம். கொடுக்கும்போது உள்விட்டமா வெளிவிட்டமா என்று எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் அங்கே வேறாகக் கேட்கும். மெஷின் தகட்டின் இரு முனைகளிலும் கொஞ்சம் தட்டையாக விட்டுவிடும். அந்த முனைகளை முன்கூட்டியே ஒரு தடித்த குழாயின் மேல் வைத்து வளைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தேவையான விட்டத்தைவிடச் சற்று இறுக்கமாக வளைப்பது நல்லது. விட்டதும் தகடு கொஞ்சம் திரும்பி விரியும்.

மூட்டு பின்பக்கம் வரட்டும், ஆனால் புகைக்கழுத்தின் மேல் விழாமல் ஒருபுறம் தள்ளி. ரிவிட் போடுவதானால் 4 மி.மீ. மைல்ட் ஸ்டீல் ரிவிட், 30 மி.மீ. இடைவெளி. இரண்டு தகடு சேர்ந்த தடிமனோடு ரிவிட் விட்டத்தின் ஒன்றரை மடங்கைச் சேர்த்தால் ரிவிட்டின் நீளம்: 3 + 6 = 9 மி.மீ. மேல், கீழ், நடு மூன்றையும் முதலில் போல்ட்டால் பிடித்து, விட்டத்தைச் சரிபார்த்து, பிறகே மற்ற துளைகளை இரண்டு தகட்டையும் ஊடுருவிப் போடுங்கள். மேற்படிவுக்குள் அடுப்பு சிமெண்டை மெல்லியதாகத் தடவுவது நல்லது. அலுமினியப் பாப் ரிவிட் அடிக்க எளிது. ஆனால் அது 660 டிகிரியில் உருகும், அதற்கு வெகு முன்பே வலுவிழக்கும். வெல்டிங் செய்தால் மேற்படிவே வேண்டாம், விளிம்போடு விளிம்பு சேர்க்கலாம். அப்போது ஒரே ஓட்டமாக இழுக்காமல் அங்கங்கே பொட்டு வைத்து, ஆறவிட்டு, இடையை நிரப்ப வேண்டும். பழைய தோற்றம் முக்கியம் என்றால் ரிவிட்.

பொருத்திப் பார்த்தல்

இந்தக் கட்டத்தில் அவசரம் வேண்டாம். வார்ப்புப் பள்ளத்தில் உள்ள பழைய சிமெண்டை, அது ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று தெரிந்த பிறகு, முழுக்க எடுத்துக் கம்பி பிரஷால் சுத்தம் செய்யுங்கள். நிக்கல் பூசிய பாகங்களின் பக்கம் கம்பி பிரஷைக் கொண்டுபோகாதீர்கள். நிக்கல் அடுக்கு மெல்லியது, கீறினால் கீறினதுதான்.

சிமெண்ட், கயிறு எதுவும் இல்லாமல் பேரலைப் பீடத்தில் வையுங்கள். எங்கும் பலவந்தம் இல்லாமல் உட்கார வேண்டும். சுற்றி வந்து பார்த்தால் பள்ளச் சுவருக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்க வேண்டும். இந்த இடைவெளி குறையல்ல, தேவை. 400 மி.மீ. விட்டமுள்ள பேரல், 400 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் விட்டம் 2 மி.மீ. அளவுக்குப் பெருகும். 600 மி.மீ. உயரம் ஏறத்தாழ 3 மி.மீ. வளரும். பீடம் அந்த அளவுக்குச் சூடாகாது. இறுக்கமாக அடித்து நுழைத்த பேரல் முதல் நல்ல தீயிலேயே தானும் நெளிந்து வார்ப்பையும் பிளக்கும்.

மேல்வளையத்தையும் வைத்து, இழுகம்பிகளைக் கையால் மட்டும் திருகி, கதவுச் சட்டத்தைப் போல்ட்டில் மாட்டிப் பாருங்கள். கதவு தானாக மூடுகிறதா? புகைக்கழுத்து கிடைமட்டமா? முன்நடுக்கோடு மூன்று பாகத்திலும் ஒரே நேராக நிற்கிறதா? தப்பு இருந்தால் இப்போதே அரத்தால் தேய்த்துச் சரிசெய்யுங்கள். சிமெண்ட் காய்ந்த பிறகு வருத்தம்தான் மிஞ்சும்.

சேர்த்தல்

மறுபடி பிரித்து, தகட்டின் எண்ணெயைத் துடைத்து, வெளிப்பக்கம் வெப்பம் தாங்கும் அடுப்புப் பெயிண்டை இரண்டு மெல்லிய பூச்சாக அடியுங்கள். ஒரே கனமான பூச்சு சூட்டில் உரியும். வார்ப்புப் பாகங்களுக்கு கிராபைட் அடுப்புப் பாலிஷ் எனக்குப் பிடித்தது, பழைய கருமை திரும்ப வரும்.

அடிப்பள்ளத்தை ஈரத்துணியால் நனைத்து அடுப்பு சிமெண்டைத் தொடர்ச்சியாக வரிசைபோல் இட்டு, பேரலை நேராக இறக்குங்கள். பிதுங்கியதை உள்ளேயும் வெளியேயும் விரலால் வழித்து விடுங்கள். மேல்பள்ளத்துக்கு நான் சிமெண்டைவிட மெல்லிய கண்ணாடியிழைக் கயிற்றையே விரும்புகிறேன். பேரல் மேல்நோக்கி வளர்வதால் அங்கே கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கிற பொருள் தேவை; சிமெண்ட் வெடித்துவிடும். சிமெண்டால் எல்லாவற்றையும் பூசிவிட வேண்டும் என்பவர்களும் உண்டு. அவர்கள் வருடா வருடம் பூசுகிறார்கள்.

புதுப் போல்ட்டுகளின் மரையில் சூடு தாங்கும் ஒட்டாப்பசை தடவினால் அடுத்தமுறை கழற்றுபவர் உங்களைத் திட்டமாட்டார். இழுகம்பிகளை எதிரெதிராக மாற்றி மாற்றிக் கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் கூட்டுங்கள். பேரல் வளர இடம் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

தீக்கற்களையும் தீக்கலத்தையும் திரும்ப வைக்கும்போது ஒரு விதி: எரியும் நிலக்கரி தகட்டை எங்கும் தொடக்கூடாது. நிலக்கரிப் படுகையின் உள்சூடு 1000 டிகிரியைத் தாண்டும். மைல்ட் ஸ்டீல் 550 டிகிரி வாக்கிலேயே செதில் செதிலாக உரியத் தொடங்கும். உடைந்த கல்லை அப்படியே வைத்தால் அந்த இடுக்குக்கு நேர் எதிரே பேரல் முதலில் சிவக்கும். கற்களையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

சோதனையும் முதல் தீயும்

இருட்டில் உள்ளே விளக்கு வைத்து மூட்டுகளைச் சுற்றிப் பாருங்கள். கதவில் ஒரு காகிதத் துண்டை இடுக்கி மூடி இழுங்கள். சுற்றிலும் எதிர்ப்பு தெரிய வேண்டும். எளிதாக வந்த இடத்தில் கயிற்றை மாற்றுங்கள்.

சிமெண்ட் குறைந்தது ஒரு நாள் காற்றில் உலரட்டும். டப்பாவில் அதிகம் சொல்லியிருந்தால் அதன்படி. முதல் தீ நிலக்கரி அல்ல, கைப்பிடிச் சுள்ளி. அரை மணி நேரம் எரித்து முழுக்க ஆறவிடுங்கள். அடுத்த தீ கொஞ்சம் பெரிது, அதற்கடுத்தது இன்னும் பெரிது. ஈரச் சிமெண்டைத் திடீரென்று சூடாக்கினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கொப்பளமாக வெடிக்கும். பெயிண்டும் இந்தத் தீகளில்தான் இறுகும், புகையும் நாற்றமும் வரும். முடிந்தால் அடுப்பை வெளியே வைத்து ஒரு துண்டு குழாய் மாட்டி இதை முடியுங்கள், இல்லையேல் சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

வீட்டுக்குள் கொண்டுவந்ததும் புகைப்போக்கி சுத்தமாக இருக்கிறதா, உங்கள் ஊர் விதி சொல்லும் இடைவெளி சுவருக்கும் தரைக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். அடுப்பறையிலும் படுக்கையறைக்கு அருகிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டாமல் நிலக்கரி போடாதீர்கள். போடும்போதும் சிவந்த கனலை முழுக்க மூடாமல் ஓர் ஓரத்தைத் திறந்து விடுங்கள். முழுக்க மூடினால் எரியாத வாயு மேலே சேர்ந்து, பிறகு ஒரே நொடியில் பற்றிக் கதவைத் தள்ளும்.

முதல் சில தீகளுக்குப் பிறகு, அடுப்பு ஆறியிருக்கும்போது, இழுகம்பிகளை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். தளர்ந்திருந்தால் கையிறுக்கம் போதும். குளிர்காலம் முடிந்ததும் சாம்பலைக் கிரேட்டுக்கு அடியிலும் தீக்கற்களின் பின்னாலும் தூரிகை போட்டு முழுக்க எடுத்து, உள்தகட்டில் மெல்லிய எண்ணெய் தடவி, புகைக்குழாயைக் கழற்றித் துளையை மூடி வையுங்கள். மறுபடி மூட்டும் முதல் நாள் அந்த எண்ணெய் கொஞ்சம் புகையும். அன்றைக்கும் சன்னலைத் திறந்துகொள்ளுங்கள்.